ஈஆர் நெகட்டிவ் என்று எழுதும் முன்

மார்பகக் கட்டி எங்கள் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வந்தால், புற்றுநோய்தான் என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பி), பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் ஏற்பி), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) ஆகிய மூன்று மார்க்கர்களையும் ஆன்டிபாடியால் நிறமேற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மார்க்கர் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். நோய் திரும்ப வருமா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை இவற்றை வைத்துத்தான் பெருமளவு கணிக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் ஹெர்2 3+ என்று பார்த்துவிட்டு, "ஸ்டேஜ் மூணா டாக்டர்?" என்று கலங்கிப்போய் வருகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. செல்லைச் சுற்றிக் கோழிக்கூட்டு வலை போலப் பழுப்புக் கோடு அழுத்தமாக விழுந்தால் 3+. கோடு முழுதாகச் சுற்றினாலும் மங்கலாக விழுந்தால் 2+; அப்போது ஃபிஷ் என்னும் ஜீன் சோதனை செய்து ஜீன் பெருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெர்2 ஜீன் பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியபோது அது கெட்ட செய்தி மட்டும்தான். 1998இல் ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து வந்த பிறகு, அதே 3+ ஒரு நல்ல மருந்துக்கு வழியும் ஆகிவிட்டது. வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எனக்குப் பெரிய கவலை ஈஆர்தான். ஒரு சதவீத செல்களில் நிறம் பிடித்தாலே பாசிட்டிவ். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுக்கும் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை பயன்தர வாய்ப்புண்டு. தவறாக நெகட்டிவ் என்று போய்விட்டால் அந்த மாத்திரையே கிடைக்காமல் போகும்.

ஒருமுறை வெளியூர் நர்சிங் ஹோமிலிருந்து ஒரு கட்டி, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் இல்லாமல் சலைனில் (உப்பு நீரில்) மிதந்தபடி, மறுநாள்தான் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிரேடு 1, அதாவது சாதாரணத் திசுவை ஓரளவு ஒத்த வகை. செல்கள் அழகாகக் குழாய் குழாயாக அமைந்திருந்தன. இப்படிப்பட்ட கட்டி ஈஆர் நெகட்டிவாக இருப்பது மிக அபூர்வம். ஆனால் ஸ்லைடில் ஒரு நியூக்ளியஸ்கூடப் பழுப்பாகவில்லை. அப்புறம் ஓரத்தில் இருந்த சாதாரணப் பால்குழாய்களைப் பார்த்தேன். அங்கே சில செல்களாவது நிறம் பிடித்திருக்க வேண்டும். அங்கும் ஒன்றுமில்லை. திசுவே கெட்டிருந்தது. முடிவு சொல்ல இயலாது என்று எழுதி, அறுவைக்கு முன் எடுத்த ஊசி பயாப்சியின் பிளாக்கை (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை) கேட்டு வாங்கினோம். புற்றுநோயா என்று மட்டுமே அதில் பார்த்திருந்தார்கள். அதில் ஈஆர் போட்டதும் கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் பழுப்பு!

கட்டியை வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். பெரிய கட்டியை வெட்டித் திறக்காமல் போட்டால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேராது. இதெல்லாம் நடப்பது ஆபரேஷன் தியேட்டரில். நல்ல ஆன்டிபாடி, விலையுயர்ந்த மெஷின் எது இருந்தாலும் அங்கே போனதை இங்கே மீட்க முடியாது.

அதனால் எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்த்தோம்: கட்டி எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். காலியாக வந்தால் போன் போட்டுக் கேட்கிறோம். சில தியேட்டர் சிஸ்டர்கள் இப்போது டப்பா மூடியிலேயே நேரத்தை எழுதி அனுப்புகிறார்கள்.