மதினி கடைக் கம்ப்யூட்டர்: நாட்குறிப்பு

29 அக்டோபர் 2012, திங்கள்

பாளையங்கோட்டையில் மதினி நடத்தும் டிடிபி கடையின் கம்ப்யூட்டர் படுமோசமாக மெதுவாகிவிட்டது. பெண்டியம் 4, 512 எம்பி ராம், 80 ஜிபி ஐடிஇ (பட்டைக் கேபிளில் இணைக்கும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் திறக்கவே நிமிஷக்கணக்கில் ஆகிறது. ஃபைலைச் சேமிக்கும்போது மவுஸ்கூட விட்டு விட்டுத்தான் நகர்கிறது. கார்த்திகை முகூர்த்தத்துக்கான கல்யாணப் பத்திரிகைகள் வரிசையில் நிற்கும் நேரம் இது.

பார்த்தவர்களில் ஒருவர் ஃபார்மேட் அடிக்கணும் என்றாராம். இன்னொருவர் டிஸ்க் போச்சு, புதுசு வாங்குங்க என்றாராம். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. போன வருஷம் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை மூழ்கியபோது ஏறிய டிஸ்க் விலை இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதிலும் ஐடிஇ டிஸ்க் புதிதாகக் கிடைப்பதே அரிது.

ஃபார்மேட்டை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. நம்ம பக்கத்துப் பத்திரிகையில் தாய்மாமன், பெரியப்பா, அத்தை வீட்டார் என்று பெயர்களே ஒரு பக்கம் நிறையும். அக்கா கல்யாணத்துக்கு அடித்ததை எடுத்துத் தங்கச்சிக்கு மாற்றித் தரச் சொல்லி இப்போதும் வருகிறார்கள். ஊர் ஊராகக் கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ்களும் அதில்தான் இருக்கின்றன. எல்லாம் பழைய எழுத்துருக்களில் அடித்தவை. எழுத்துரு போனால் ஃபைல் இருந்தும் வாசிக்க முடியாது.

ஒன்று கண்ணில் பட்டது. ஒரு ஃபோல்டரைக் காப்பி போட்டுக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் உச்சியில் நிற்கிறது. வெறும் காப்பி வேலைக்கு அதற்கு இவ்வளவு பாடு இருக்கக் கூடாது.

30 அக்டோபர், செவ்வாய்

இன்று காப்பி எடுப்பது மட்டும்தான் வேலை. காரணம் எதுவானாலும் முதலில் தரவு வெளியே வந்தாக வேண்டும். அதற்குமுன் டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்ப்பது), டிஸ்க் செக் எதையும் ஓட விடக் கூடாது. டிஸ்க் நிஜமாகவே சாகிற நிலையில் இருந்தால் அந்த உழைப்பே அதை முடித்துவிடும்.

வேகம் நொடிக்கு 3 எம்பிதான். 20 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் கணக்கு. கரண்டோ ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இல்லை. எழுத்துருக்கள் முதலில், பிறகு கொடை நோட்டீஸ், பிறகு பத்திரிகைகள் என்று ஃபோல்டர் ஃபோல்டராக யுஎஸ்பி டிஸ்குக்கு மாற்றினேன். ராத்திரி கடை அடைக்கும்போது முடிந்தது.

1 நவம்பர், வியாழன்

எச்டி டியூன் என்ற மென்பொருளைப் போட்டு வாசிப்பு வேகத்தைச் சோதித்தேன். வரைபடத்தைப் பார்த்ததும் நிம்மதி வந்தது. நல்ல டிஸ்கின் கோடு உயரத்தில் தொடங்கிச் சரிந்து வரும். தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் அதிகத் தரவு அடங்கும், உள்ளே போகப் போகக் குறையும்; அதனால் முடிவில் வேகம் பாதிக்குப் பக்கமாக வந்து நிற்கும். சாகப்போகும் டிஸ்க் என்றால் கோடு அங்கங்கே பள்ளத்தில் விழும். இங்கே இரண்டும் இல்லை. தொடக்கம் முதல் முடிவுவரை 3 எம்பியில் ஒரே நேர்கோடு. டிஸ்கால் கொடுக்க முடிகிறது, கொடுப்பதை ஏதோ ஒன்று நடுவில் மறிக்கிறது.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலும் அதையே சொல்கிறது. பழுதானதால் மாற்றி ஒதுக்கிய செக்டார்களை (டிஸ்கின் சிறு பகுதிகளை)க் காட்டும் 5ஆம் எண், வாசிக்கத் திணறும் செக்டார்களைக் காட்டும் 197ஆம் எண், இரண்டுமே பூஜ்யம். ஏறியிருப்பது 199 மட்டும். டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்ததை எண்ணும் சிஆர்சி கணக்கு அது. பெரும்பாலும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

"அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருக்கா தம்பி?" என்று மதினி கேட்டாள்.

"குளத்துல தண்ணி கெடக்கு மதினி, மடைதான் அடைச்சிருக்கு" என்றேன். அவள் பிறந்த வீட்டுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் வயல் உண்டு. அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2 நவம்பர், வெள்ளி

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர், பிரைமரி ஐடிஇ சேனல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். அங்கே தற்போதைய முறை என்ற இடத்தில் 'பிஐஓ' என்று இருந்தது. இருக்க வேண்டியது அல்ட்ரா டிஎம்ஏ 5.

டிஎம்ஏ முறையில் டிஸ்கின் தரவு பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக நினைவகத்துக்குப் போகும். 5ஆம் நிலையில் நொடிக்கு 100 எம்பிவரை தாங்கும். பிஐஓவில் ஒவ்வொரு துண்டையும் பிராசஸரே கையால் எடுத்து வைக்க வேண்டும். மவுஸ் திணறியது அதனால்தான். இப்படி மாறியது எக்ஸ்பி தானாகச் செய்த காரியம். சிஆர்சி பிழையோ, டிஸ்க் நேரத்துக்குப் பதில் தராத பிழையோ மொத்தம் ஆறு சேர்ந்தால் அது வேகத்தை ஒரு படி இறக்கிவிடும். பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாகப் பிஐஓவரை போய்விடும். திரையில் ஒரு வார்த்தை சொல்லாது, திரும்ப ஏற்றவும் செய்யாது. இவ்வளவு பெரிய முடிவை உரியவரிடம் சொல்லாமல் எடுக்கும்படி வடிவமைத்தது எனக்கு ஏற்கவே முடியவில்லை. இதனால் எத்தனை நல்ல டிஸ்குகள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்!

விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், ஐடிஇ டிரைவரான 'ஏடாபி' பெயரில் 9ஆம் எண் பிழைகள் வரிசையாக இருந்தன. டிஸ்க் நேரத்துக்குப் பதில் தரவில்லை என்று பொருள். நேரங்களைப் பார்த்தால் எல்லாம் ஸ்டாண்ட்பையிலிருந்து எழுந்த பொழுதுகள். கரண்ட் போனதும் யுபிஎஸ் தாங்க வேண்டுமே என்று மதினி ஸ்டாண்ட்பையில் போடுவது வழக்கம். எழும்போது டிஸ்க் சுழல ஆரம்பிப்பதற்குள் விண்டோஸ் பொறுமை இழந்து பிழை எழுதிவிடுகிறது.

பிரைமரி சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். விண்டோஸ் சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்தது. டிஎம்ஏ 5 வந்துவிட்டது. பேஜ்மேக்கர் உடனே திறந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் 199ஆம் எண் இன்னும் கூடியிருக்கிறது. கேபிளை மாற்றாமல் இது நிற்காது.

4 நவம்பர், ஞாயிறு

கேபினட்டைத் திறந்தேன். பட்டைக் கேபிள் பவர் சப்ளைக்கு அடியில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. ஜங்ஷனில் பழைய பாகங்கள் விற்கும் அண்ணாச்சி பெட்டியைக் கிளறி ஒன்று எடுத்துக் கொடுத்தார். "இதக் கேட்டு இப்ப யாரு வாரா?" என்று காசு வாங்க யோசித்தார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

வாங்குகிறவர்கள் 80 கம்பிக் கேபிளா என்று பார்த்து வாங்க வேண்டும். 40 கம்பி, 80 கம்பி என்ற இரண்டு வகைக்கும் முனையில் 40 துளைதான். கம்பி மெலிசாக நெருக்கமாக இருந்தால் 80. கூடுதலான 40 கம்பிகளும் எர்த். ஒரு சிக்னல் பக்கத்துக் கம்பியில் கலக்காமல் அவை தடுக்கின்றன. 40 கம்பிக் கேபிளில் டிஎம்ஏ 2, அதாவது நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போகாது. நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டர் என்னும் முதல் டிஸ்குக்கு, நடுச் சாம்பல் முனை ஸ்லேவ் என்னும் இரண்டாவதுக்கு. நீளம் 18 அங்குலத்துக்கு மேல் கூடாது.

மாட்டி மறுபடி சோதித்தேன். கோடு 55 எம்பியில் தொடங்கி 30 பக்கம் சரிந்து முடிந்தது.

7 நவம்பர், புதன்

ஸ்டாண்ட்பையை அடியோடு நிறுத்தியாயிற்று. கரண்ட் போனால் ஃபைலைச் சேமித்து முழுசாக ஷட் டவுன். இப்போது மறுபடி பூட் ஆவதே சீக்கிரம் ஆகிறது. டிஸ்கில் இடமும் இல்லாமல் இருந்தது. எக்ஸ்பியின் டிஃப்ராக் ஒழுங்காக ஓட 15 சதவீதமாவது காலி வேண்டும். பழைய ஸ்கேன்களை வெளியே மாற்றிவிட்டு ஓடவிட்டேன்.

12 நவம்பர், திங்கள்

199ஆம் எண் கேபிள் மாற்றிய அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது குறையாத எண். கூடாமல் இருந்தால் போதும். எண்ணைத் தேதியோடு சிபியு மேல் ஒட்டி வைத்துவிட்டேன். மதினி நாளைக்குத் தீபாவளி என்றும் பாராமல் பத்திரிகை புரூஃப் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கொடை நோட்டீஸ்களை எழுத்துக்களுக்கான பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றும் வேலையைத் தீபாவளி கழிந்து ஆரம்பிப்பதாகப் பேசியிருக்கிறோம்.