எரிந்த கோப்பும் மாமனாரின் பாதங்களும்

என் மாமனார் அமெரிக்கத் தரைப்படை வீரராக 1950ஆம் ஆண்டின் குளிர்காலத்தைக் கொரியப் போர்முனையில் கழித்தவர். அங்கே உறைபனியில் மரத்துப்போன கால்விரல்களுக்கு உணர்ச்சி முழுமையாகத் திரும்பவே இல்லை. கோடையிலும் இரண்டு காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவார். வெந்நீரின் சூட்டைக் கால் அறியாது என்பதால் குளிக்கும் முன் கையை விட்டுப் பார்ப்பார். எண்பத்தெட்டாவது வயதில்தான் முன்னாள் படைவீரருக்கான ஊன இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சம்மதித்தார்.

பணிக்காலத்தில் பாதிப்பு ஏற்பட்டதற்கு ஆவணம் இல்லையென்று மறுப்புக் கடிதம் வந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில், 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்துவிட்டது. 1953இல் விடுவிக்கப்பட்ட மாமனாரின் கோப்பும் அதில் போயிற்று. தாம் பொய் சொன்னதாக எழுதிவிட்டார்கள் என்றே அவர் அக்கடிதத்தைப் புரிந்துகொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது.

எரிந்த கோப்புகளை மீட்டமைப்பதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. எந்தப் பிரிவு, எந்த மாதம், எங்கே சிகிச்சை என்று குறிப்பாக எழுதினால்தான், பணியில் இருந்தவர், சிகிச்சைக்குச் சென்றவர் போன்ற மாற்றங்களைப் பிரிவுகள் பதிந்த, வேறிடத்தில் இருந்ததால் தப்பிய அன்றாடக் காலை அறிக்கைகளில் தேடுவார்கள். 1950 முதல் 1954 வரையிலான ராணுவ மருத்துவமனைச் சேர்க்கைகளின் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் பெயர் இராது, ஒவ்வொரு வீரருக்கும் தரப்பட்ட படை எண் மட்டுமே இருக்கும். தேய்ந்துபோன அடையாளத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்து அவ்வெண்ணை எழுதினேன். ஒசாகா மருத்துவமனையிலிருந்து அவர் தம் தாயாருக்கு எழுதிய கடிதத்தை உறையோடு சேர்த்து அனுப்பினேன்.

உடன் பணியாற்றிய நண்பர் முதலில் தந்த வாக்குமூலம் வெறும் பாராட்டாக இருந்ததால் பயன்படவில்லை. தாம் கண்ணால் கண்டதை மட்டும், அதாவது காலணியைக் கழற்றியபோது விரல்கள் கறுத்திருந்ததையும் அவரைத் தூக்குக்கட்டிலில் கொண்டுசென்றதையும், மறுபடி எழுதித் தந்தார். மருத்துவரும் முதலில் "தொடர்பு இருக்கலாம்" என்றே எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லே கோரிக்கையைக் கவிழ்த்துவிடும். இரு பக்கச் சான்றுகளும் சமநிலையில் நின்றாலே வீரருக்குச் சாதகமாகத் தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்பதைக் காரணங்களுடன் எழுதித்தரும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுப்பு வந்த ஓராண்டுக்குள் இப்புதிய சான்றுகளைத் துணைக் கோரிக்கையாகச் சேர்த்தோம். ஆகவே, கோரிக்கை ஏற்கப்பட்டபோது முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே நிலுவை கணக்கிடப்பட்டது. மாமனார் தொகையைப் பார்க்கவில்லை. பாதிப்பு பணியால் வந்தது என்ற வரியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.