ஈரச் சாலை, இருட்டு, இரண்டு இருக்கைகள்

அக்டோபர் 14, திங்கள்

மழை விட்டு வெகுநேரம் ஆகியும் சாலை காயவில்லை. விளக்குக் கம்பமே இல்லாத நீண்ட பகுதியில் சைக்கிளில் வரும்போது, முன்விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தரையில் வெளிச்சமே இல்லை.

காய்ந்த சாலை சொரசொரப்பானது. அதன்மேல் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறும். அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வரும். தண்ணீர்ப் படலம் மூடியதும் அந்தச் சொரசொரப்பு மறைந்து, சாலை கண்ணாடியாகிவிடுகிறது. நாம் பாய்ச்சும் ஒளி முன்னோக்கி வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது கறுப்பு. எதிரே வருபவருக்கோ ஒரே விளக்கு இரண்டாகத் தெரிகிறது, நேரே ஒன்றும் தரையில் நீண்டு கிடக்கும் பிம்பம் ஒன்றுமாக. சைக்கிளுக்கும் காருக்கும் இதில் வேறுபாடு இல்லை. ஈரத்தில் அவரவர் விளக்கு அவரவருக்குக் குறைவாக உதவுகிறது, அடுத்தவர் கண்ணை அதிகமாகக் கூச வைக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

சாலையோர வெள்ளைக் கோடும் காணவில்லை. அந்தப் பெயின்டில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைத் தூவியிருப்பார்கள். ஹெட்லைட் ஒளியை ஓட்டுநரிடமே திருப்பி அனுப்புவது அவைதான். தண்ணீர் மேலே நின்றால் மணிகள் மூழ்கிவிடும், கோடும் போய்விடும். மழை இரவில்தான் கோடு அதிகம் தேவை, அன்றுதான் அது விடுப்பில் இருக்கிறது. போதாக்குறைக்கு, சக்கரம் ஏறினால் அந்தப் பெயின்ட் வழுக்கவும் செய்யும்.

அக்டோபர் 20, ஞாயிறு

அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் தினமும் கார் ஓட்டுகிறவர். சைக்கிள் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், தொடங்கிவிடுவார்.

"மாப்பிள்ளை, கறுப்புச் சட்டை, கறுப்புக் குடை, விளக்குக் கிடையாது. இப்படி வருகிறவனை நான் எப்படிப் பார்ப்பது? அறுபதுக்கு மேல் நான் போவதே இல்லை, தெரியுமா?"

முதல் பாதியில் அவர் சொல்வது நியாயம். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர், ஒழுங்கான பிரேக், மணி ஆகியவை வேண்டும் என்கிறது. பேராசையான பட்டியல் ஒன்றுமில்லை. விளக்கில்லாமல் இருட்டில் வருகிறவருக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

அந்த அறுபதைத்தான் நான் விடவில்லை. காகிதம் எடுத்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். கண்டு, புரிந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 35 மீட்டர். ஆக 60 மீட்டர். டிம் வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரர் 30, 40 மீட்டரில் தெரிந்தாலே பெரிது. அதாவது அவரைப் பார்க்கும்போதே நேரம் கடந்திருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே கணக்கு 32 மீட்டரில் முடிகிறது.

"சைக்கிளும் முன்னால் நகர்ந்துகொண்டுதானே இருக்கும்? நின்றா கொண்டிருக்கும்?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. நகரும் சைக்கிளுக்கு அந்தத் தூரம் முழுவதும் தேவையில்லைதான். ஆனால் செயின் கழன்று நிற்பவர், பள்ளத்தில் விழுந்து கிடப்பவர், சாலையில் முறிந்து கிடக்கும் கிளை இவையெல்லாம் நகராதே. விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதுதான் என்றேன். அத்தானுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போகும்போது காகிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 29, செவ்வாய்

இன்று நானே காரில் வந்தேன், நல்ல மழையில். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முன் கண்ணாடியின் ஒவ்வொரு துளியும் எதிர் வண்டியின் ஒளியை வாங்கிப் பூவாய் விரித்துக் காட்டுகிறது. வைப்பர் ஒருமுறை துடைத்து மறுமுறை வருவதற்குள் மீண்டும் துளிகள். உட்புறம் மூச்சுக்காற்றின் புகைமூட்டம். எதிரே ஒருவர் பிரைட் போட்டுக்கொண்டு கடந்துபோனால், அதன்பின் சில நொடிகள் எதுவும் தெரிவதில்லை. முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்குகள் தரையெங்கும் பிம்பமாய்ச் சிதறிக் கிடக்கின்றன. அந்தச் சிவப்புக் குவியலுக்குள் சைக்கிளின் சிறிய சிவப்பு விளக்கும் ஒன்று. எரிகிறது என்பது வேறு, அது சைக்கிள் என்று தெரிவது வேறு.

ஒருவரை மட்டும் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். அவருடைய பெடல் ரிஃப்ளெக்டர்கள் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மனிதக் கால் அசையும் விதத்தை நம் மூளை நொடியில் கண்டுகொள்ளும். சில புள்ளிகள் அசைந்தாலே போதும். கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளி திருப்பும் பட்டை கட்டினால் அதே பயன். இன்னொரு காரணமும் உண்டு: டிம் விளக்கு தாழ்வாகத்தான் பாயும். மார்பில் உள்ள பட்டையை எட்டும் முன்பே கணுக்காலை எட்டிவிடும்.

பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு உடைகளை இரவுக்கென்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அந்த நிறங்கள் ஒளிர்வது பகலொளியில் உள்ள புற ஊதாக் கதிரால். மங்கலான மாலையில் அருமையாக வேலை செய்யும். இரவில் அது வெறும் வெளிர் நிறச் சட்டை. ஒளி திருப்பும் பட்டைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒளியை வந்த வழியே அனுப்புவதுதான் அதன் வேலை. பக்கத்துத் தெருவிலிருந்து மூக்கை நீட்டும் காரின் ஹெட்லைட் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால், பட்டை அந்த ஓட்டுநருக்கு எதுவும் சொல்லாது. விளக்குதான் சொல்லும்.

நவம்பர் 6, புதன்

சிமிட்டும் பின்விளக்கா, நிலையாக எரிவதா? ஜெர்மனியில் சைக்கிளில் சிமிட்டும் விளக்குக்கு அனுமதி இல்லை. பிரிட்டன் 2005 முதல் அனுமதிக்கிறது. கார் இருக்கையிலிருந்து எனக்குத் தோன்றியது: சிமிட்டுவது கண்ணை இழுக்கிறது, ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல மறுக்கிறது. இருட்டில் தூரம்தானே முக்கியம்? நிலையான விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, விருப்பமிருந்தால் கூடவே ஒன்றைச் சிமிட்ட விடலாம்.

முன்விளக்கைச் சற்றுக் குனிய வைக்க வேண்டும். வானத்தைப் பார்த்து வெள்ளை ஒளி பாய்ச்சும் சைக்கிள்காரர், பிரைட் போடும் கார்க்காரரைத் திட்ட உரிமை இல்லாதவர்.

நவம்பர் 7, வியாழன்

மட்கார்டு இல்லாமல் வந்ததன் பலன்: பின்விளக்கின் மேல் முழுக்கச் சேறு. சிவப்பு விளக்கு பழுப்பு விளக்காகியிருந்தது. துடைத்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

சைக்கிள்காரன் ஏன் ஓரமாகவே போகாமல் திடீரென்று நடுவுக்கு வருகிறான் என்பது அத்தானின் நிரந்தரக் குறை. ஓரத்தில்தான் தண்ணீர் தேங்கும், அந்தத் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, சாக்கடை மூடி பெயர்ந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இரும்பு மூடிமேல் ஈரத்தில் திரும்பினால் சக்கரம் வாரிவிடும். அதனால் சைக்கிள் விலகத்தான் செய்யும். முன்கூட்டியே திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல விலகுவது சைக்கிள்காரரின் கடமை. தேங்கிய தண்ணீரைப் பார்த்ததும் அவர் விலகுவார் என்று எதிர்பார்ப்பது கார்க்காரரின் கடமை.

ஈரத்தில் சைக்கிள்காரருக்குப் பிரேக்கும் உடனே உதவாது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டைகள் முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும். அதற்குள் சக்கரம் சில சுற்றுச் சுற்றிவிடும். டிஸ்க் பிரேக் பரவாயில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் சைக்கிள் தேவலை: வேகத்தில் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்து பிடிப்பை இழப்பது அதற்குக் கிடையாது. விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட சூத்திரப்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. கார் டயர் தேங்கிய நீரில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும், தேய்ந்த டயர் அதற்கும் முன்பே. அழுத்தம் கூடிய சைக்கிள் டயருக்கு 130 வேண்டும். அதை மிதித்து எட்டுபவர் யாரும் வீட்டுக்குப் போகும் வழியில் இல்லை.

ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டரும் வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். மழையில் அதுவும் போதாது. சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் முகத்தில் அறைந்தால், அந்த ஓரிரு நொடிகள் சைக்கிள்காரர் குருடர். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் முந்தக் கூடாது, பின்னால் காத்திருக்க வேண்டும். பத்து நொடிதான் போகும்.

நவம்பர் 24, ஞாயிறு

அத்தானிடமிருந்து தொலைபேசி. நேற்று மழையில் நாற்பதில் போனாராம். "பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான், மாப்பிள்ளை. உன் காகிதத்தை அவனிடம் யார் காட்டுவது?"

அவர் குறையாகச் சொன்னாலும், இத்தனை நாளாக நான் எழுதாமல் விட்ட விஷயம் அதுதான். சைக்கிள்காரருக்கு முதல் காரைவிட இரண்டாவது கார்தான் பயம். முதல் ஓட்டுநர் பார்த்துவிட்டு விலகுகிறார். அவர் முதுகை ஒட்டியே வந்தவருக்கு அதுவரை தெரிந்தது முன்னால் போன காரின் பின்புறம் மட்டுமே. அது விலகியதும் சில மீட்டரில் சைக்கிள். அதனால் முதல் ஓட்டுநர் விலகுவதற்கு வெகுமுன்பே இண்டிகேட்டரைப் போட வேண்டும், வேகத்தையும் மெல்லக் குறைக்க வேண்டும். பிரேக் விளக்கைப் பார்த்தால் பின்னால் வருபவரும் காலைத் தளர்த்துவார். ஹார்ன் அடித்தாலும் அடிக்கட்டும்.

அத்தானிடம் இதைச் சொன்னேன். "அவன் இண்டிகேட்டரை எங்கே பார்த்தான்" என்றார். இருந்தாலும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.