தாமிரபரணிக் கரையில் கிடந்த மருதக் கட்டை, மீன் தொட்டிக்குள் போன கதை

ஆற்றங்கரையில் கிடைக்கும் கட்டையை மீன் தொட்டியில் போடலாமா என்று யாரிடம் கேட்டாலும் வருகிற பதில், "நல்லா கொதிக்க வெச்சுப் போடுங்க" என்பதுதான். ஒரு கட்டையை முழுசாகத் தயார் செய்து முடித்த பிறகு, அந்தப் பதில் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. கொதிக்க வைத்தால் பூஞ்சை, எறும்பு, கரையான், நத்தை முட்டை எல்லாம் சாகும். மரத்துக்குள் இருக்கும் விஷப்பாலோ, அது குடித்திருக்கும் டீசலோ அப்படிப் போய்விடாது. எந்தக் கட்டையை எடுக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலையும் இருக்கிறது. அது அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

என்னுடையது இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி. கண்ணாடி விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். அதற்கு ஒன்றேகால் அடிக்குள் ஒரு கட்டை போதும். சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றோரம், 2023 டிசம்பர் வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய மரங்கள் மணலில் அங்கங்கே கிடந்தன. வெயிலில் காய்ந்து பட்டை தானாகவே உரிந்தவை. ஊருக்குக் கிழக்கே, சாக்கடை வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே கிடப்பதை நான் தொடுவதில்லை. மரம் தண்ணீரை மட்டுமா உறிஞ்சும்? அதேபோல பாபநாசம், காரையார் பக்கம் போய்க் கட்டை பொறுக்கும் எண்ணமே வேண்டாம். மேலே புலிகள் காப்பகம். அங்கே சுள்ளி எடுத்தாலும் தப்புதான். வெளியிலும் பெரிய தடி கிடந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளத்தில் அடித்து வரும் மரத்துக்கென்று வனச் சட்டத்தில் தனி விதி உண்டு. நமக்கு வேண்டியது கைப்பிடிக்குள் அடங்குகிற வேர்த்துண்டு, அவ்வளவுதான்.

கரையிலேயே பாதிக் கட்டைகள் கழிந்துவிட்டன. ஆணி இருந்தது, பெயிண்ட் ஒட்டியிருந்தது, தார் வாடை வந்தது எல்லாம் முதலில் போயிற்று. பரிகாரம் என்று ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் பழந்துணி சுற்றிக்கொண்டு கிடந்த வேர் ஒன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. துணியை அறுத்துப் பார்த்தால் அடியில் மரம் கறுத்து நொதநொதவென்று இருந்தது, முட்டை அழுகிய நாற்றம். உள்ளே காற்றில்லாமல் அழுகியிருக்கிறது என்று அர்த்தம். தொட்டிக்குள் போனாலும் அதையேதான் செய்யும். மிச்சமிருந்தவற்றில் பேனாக்கத்தி முனையை அழுத்திப் பார்த்தேன். முனை இறங்கினால் மக்கிய கட்டை. இறங்காமல் வழுக்கினால் வைரம் பாய்ந்தது. வெளிறு, அதாவது வெளிப்பக்கத்து இளமரம், சீக்கிரம் மக்கும். வைரம், அதாவது நடுவில் இருக்கும் முற்றிய மரம், வருஷக்கணக்கில் தாங்கும். தொட்டிக்கு வைரம்தான் வேண்டும்.

அடுத்தது, இது என்ன மரம் என்கிற கேள்வி. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். எருக்கு, கள்ளி, அரளி என்று பால் வடியும் வகையறா எதுவும் கூடாது. வேம்பு கூடாது. புங்கையும் கூடாது, அந்தக் காலத்தில் மீனை மயக்கிப் பிடிக்கப் புங்கையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதைக் கொண்டுபோய் மீன் தொட்டியில் போட நமக்கென்ன வேண்டுதலா? பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுப் பக்கம் இருப்பவர்கள் தில்லை மரத்தை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடற்கரையில் ஒதுங்கும் கட்டையில் உப்பு வேறு ஊறியிருக்கும், அது போக நாளாகும்.

காய்ந்து வெளுத்த கட்டையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்ல என்னால் ஆகாது. தெருமுனையில் மரவேலை செய்யும் அண்ணாச்சியிடம் மூன்று துண்டுகளைக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றிலும் உளியால் ஒரு சீவு சீவி, மோந்து பார்த்தார்.

"இது மருதுல்லா தம்பி. ஆத்தங்கரை பூரா இதானல நிக்கு. இத எதுக்குத் தூக்கிட்டு அலையுத?"

"மீன் தொட்டிக்குள்ள போடுததுக்கு அண்ணாச்சி."

"வெளங்கும். தண்ணி பூரா செவந்துல்லா போவும்!"

இரண்டாவது துண்டு புளி என்றார். மூன்றாவதை இரண்டு தரம் சீவியும் அவருக்கே பிடிபடவில்லை. அவருக்கே தெரியாததைத் தொட்டிக்குள் விடும் தைரியம் எனக்கில்லை. அது இப்போது மொட்டைமாடியில் மணிப்ளாண்ட் கொடிக்கு முட்டாக நிற்கிறது.

தண்ணீர் சிவக்கும் என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. மருதம்பட்டையில் டானின் என்கிற, சாயம் இறங்கும் துவர்ப்புப் பொருள் ஏராளம். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் போடும் நாட்டு பாதாம் இலை தெரியுமில்லையா, அந்த மரமும் மருதும் ஒரே பேரினம், டெர்மினாலியா. ஒட்டியிருந்த பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேங்காய் நார் போட்டு இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தேன். சோப்பு, ப்ளீச்சிங் பவுடர் எதுவும் கிட்டவே வரக்கூடாது. மரம் உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கக்கும்.

சமையலுக்கு எடுக்காத பழைய அலுமினிய அண்டா ஒன்றில், கொல்லைப்புறத்தில் செங்கல் அடுப்புக் கூட்டி வேகவைத்தேன். வீட்டுக்குள் வேண்டாம், ஆவியோடு ஒரு புளித்த வாடை வரும். ஓவனில் சுடவைப்பதும் மைக்ரோவேவில் வைப்பதும் தீப்பிடிக்கும் வேலை. தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் மேலே ஏறிவந்தவை கட்டெறும்புகள்தான். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் கட்டையின் வெட்டுமுகத்தில் ஊசிமுனை அளவு துளைகளிலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தது. சில துளையில் நின்று நின்று, சிலதில் விடாமல். மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து வெளியேறுகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஒன்றரை மணி நேரம் வெந்ததும் கட்டையை வெளியே எடுத்துவிடாதீர்கள். அண்டாவிலேயே முழுகியபடி ஆறவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் காற்றும் ஆவியும் ஆறிச் சுருங்கும்போது கட்டை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மரத்தின் நாருக்குத் தண்ணீரை விட அடர்த்தி அதிகம், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை மிதக்க வைப்பது அறைகளில் இருக்கும் காற்றுதான். காற்று போய்த் தண்ணீர் புகுந்தால் கட்டை தானாக முழுகும். இப்படிப் புதுத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்தேன். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது, போகப்போக வெளுத்தது. அதற்காக நாள் முழுக்க வேகவைத்தால் நார் இளகி, கட்டை சீக்கிரம் மக்கும்.

அப்புறம் வாளி. ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதிச் சொல்ல இதில் ஒன்றும் கிடையாது, பொறுமை ஒன்றுதான்.

கட்டையில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கப்பி மீனைப் பலி கொடுப்பது நம்மாட்களிடம் உள்ள வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீனை விட டாப்னியா என்கிற பொடி நீர்ப்பூச்சி பல விஷங்களுக்குச் சீக்கிரம் சுருளும். ஆய்வகங்களிலேயே தண்ணீரின் நச்சுத்தன்மையைப் பார்க்க டாப்னியாவை 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பது வழக்கமான முறை. மீன் குஞ்சுக்குத் தீனியாக விற்கும் டாப்னியா ஒரு கவர் வாங்கி, கட்டை ஊறிய வாளியில் பாதியையும், குளோரின் போக்கிய வெறும் தண்ணீரில் மீதியையும் விட்டேன். இரண்டு வாளியிலும் ஒரே மாதிரி துள்ளிக்கொண்டிருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டை வாளியின் அடியில் செத்துக் கிடப்பவை மற்ற வாளியை விட அதிகமில்லை. எனக்கு அது போதும்.

ஊறியும் கட்டையின் ஒரு முனை மட்டும் எழும்பியே நின்றது. அடியில் கல் கட்டலாம் என்று கடப்பாக் கல் துண்டு எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அது சுண்ணாம்புக்கல் இனம், தண்ணீரின் கடினத்தன்மையை மெல்ல ஏற்றும். சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் துண்டில், கல் கடையிலேயே துளை போட்டு வாங்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகால் முடுக்கினேன். சாதா இரும்புத் திருகு துருவேறும். பித்தளையில் செம்பு இருக்கிறது, இறால் வளர்ப்பவர்களுக்கு அது ஆகாது.

தொட்டிக்குள் போன அந்த வாரமே கட்டை முழுக்க வழவழப்பான வெள்ளைப் படலம். பயப்படத் தேவையில்லை. மரத்திலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். ஆனால் அவை ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும், அதனால் ஏர் பம்ப்பை ராத்திரியும் நிறுத்தவில்லை. தொட்டியிலிருந்த நத்தைகள் படலத்தைத் தின்று, போன வழியில் விரல் அகலத்துக்குப் பழுப்பு மரம் தெரிகிற பாதை விட்டுச் சென்றிருந்தன. மீதியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன்.

தண்ணீர் லேசாக மஞ்சளடித்துத்தான் இருக்கிறது. மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. பிடிக்காதவர்கள் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்துக்கொள்ளலாம், நான் வைக்கவில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடினமானது, அதிலிருக்கும் கார்பனேட், கட்டையிலிருந்து வரும் அமிலத்தைச் சரிக்கட்டிவிடுவதால் பிஹெச் (அமில-கார அளவு) பெரிதாக இறங்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி மென்தண்ணீர் விடுபவர்கள் மட்டும் அடிக்கடி அளந்து பாருங்கள்.

அனுபியாஸ் என்கிற தொட்டிச் செடி ஒரு கொத்தை ஃபெவிக்விக் பொட்டு வைத்து கவட்டையில் ஒட்டியிருக்கிறேன், ஜாவா மாஸ் என்கிற நீர்ப்பாசியை வெள்ளை நூலால் கட்டியிருக்கிறேன். புளியங்கட்டை இன்னும் வாளியில் மிதக்கிறது. அதற்கும் டாப்னியா சோதனை பாக்கி.