80 சதுரம், உள்ளே ஒரு பழைய சென்னிமலைப் போர்வை

குவில்டின் (மேல்துணி, உள்ளடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) மேல்துணி முடிந்து, இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்தாயிற்று. 5 இஞ்ச் சதுரங்கள், குறுக்கே 8, நெடுக்கே 10, மொத்தம் 80. தைத்தபின் ஒவ்வொன்றும் 4½ இஞ்ச் ஆகிவிடும். ஓரம் கட்டியதும் 36-க்கு 45 இஞ்ச் வர வேண்டும். ஏற்காட்டில் இருக்கும் பெரியம்மா சாயங்காலம் வாசலில் உட்காரும்போது மடிமேல் போட்டுக்கொள்ளத்தான் இந்தக் குவில்ட். படுக்கைக்கு இல்லை என்பதால் இந்த அளவு போதும்.

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத் துண்டுத் துணிக்குப் பஞ்சம் வராது. பிளவுஸ் தைக்கும் அக்கா ஒரு கட்டைப்பை நிறையக் கொடுத்தார். அதில் டூ பை டூ (பிளவுஸுக்கு வாங்கும் மெல்லிய துணி), பாப்ளின், கைத்தறிக் காட்டன், சட்டைத் துணி எல்லாம் கலந்து கிடந்தன. கூடவே கொண்டலாம்பட்டியில் தறி வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்து பட்டுத் துண்டுகளும் வந்தன. பார்க்க அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அவற்றை அப்படியே கட்டி வைத்துவிட்டேன். பட்டு வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும், ஜரிகை உறுத்தும், துவைக்கும்போது பக்கத்துக் காட்டனோடு ஒத்துப்போகாது. மடியில் கிடந்து காபி சிந்தப்போகிற பொருளுக்குப் பட்டு எதற்கு?

நிறப் பொருத்தம் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முதலில் கனப் பொருத்தம். மெல்லிய துணியும் தடித்த துணியும் அடுத்தடுத்து வந்தால் தையல் மெல்லியதன் பக்கம் இழுக்கும், கொஞ்ச நாளில் அங்கேதான் கிழியும். துண்டைக் கையில் கசக்கி விட்டுப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்தும் பார்ப்பேன். பாலியஸ்டர் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இரண்டு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டியாக மணி கட்டும். அப்படி மணி கட்டியதெல்லாம் கால்மிதிக்குப் போய்விட்டது.

டூ பை டூ மட்டும் தனியாக நின்றது. நல்ல நிறங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, துணியோ வழுவழுவென்று நழுவுகிறது. அதற்குக் கஞ்சி போட்டேன். சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி, பாதி ஈரத்திலேயே இஸ்திரி போட்டால் பாப்ளின் போல விறைப்பாக நிற்கும், வெட்டவும் தைக்கவும் சுகம். முடிந்தபின் துவைத்தால் கஞ்சி போய்விடும். அதற்கும் முன்னால் எல்லாத் துணியையும் ஒருமுறை நனைத்துக் காயவைத்தது தனிக்கதை. சிவப்பையும் கருநீலத்தையும் வெந்நீரில், ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, ஏற்றி முடித்த கடைத்துணியில் அது எதையும் பூட்டி வைக்காது. வெள்ளைத் துணியில் சிவப்பு இறங்குகிறதென்றால் அந்தச் சிவப்பு வேண்டாம், அவ்வளவுதான்.

தையல் ஓரம் கால் இஞ்ச், தையல்கடைக் கணக்கில் இரண்டு நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). இதில் அரை நூல் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு துண்டு இருக்கிறது, ஆக ஒரு நூல் போகும். 8 சதுர வரிசையில் 7 தையல், 7 நூல் போனால் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் காணாமல் போகும். எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி போனாலாவது பரவாயில்லை, ஒன்று குறுகி ஒன்று குறுகாமல் இருந்தால் மூலைகள் சேரவே சேராது. என் மெஷின் பழைய கறுப்பு மிதிமெஷின், அளவுக்கோடு கிடையாது. ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி, தட்டின் மேல் இன்சுலேஷன் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிட்டேன். துணி அந்த வரப்பில் இடித்துக்கொண்டு தானாக நேரே போகிறது.

ஜோடி ஜோடியாக, நடுவில் நூலை அறுக்காமல் வரிசையாக உள்ளே விட்டால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். முதல் வரிசைத் தையல் மடிப்பை வலப்பக்கம், அடுத்த வரிசையில் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றி இஸ்திரி போட வேண்டும். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு உட்காரும், விரலால் தடவினாலே மூலை சேர்ந்தது தெரியும். இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது. தூக்கித் தூக்கி வையுங்கள், இழுத்தால் சதுரம் கோணும்.

அடுத்தது உள்ளே என்ன வைப்பது. இலவம்பஞ்சு மெத்தைக்குச் சரி. குவில்டில் தையலுக்குத் தையல் இடைவெளி அதிகமானால் துவைத்ததும் ஒரு மூலையில் உருண்டு கட்டியாகிவிடும். குளிர் ஜாக்கெட்டுக்குள் வைக்கிற பாலியஸ்டர் ஷீட் லேசு, சீக்கிரம் காயும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அது பெரிய விஷயம்தான், ஆனால் ஏப்ரலில் சேலத்தில் உட்கார்ந்து அதைத் தைத்துப் பாருங்கள். கடைசியில் வீட்டிலிருந்த பழைய சென்னிமலைப் போர்வையை எடுத்தேன். வருஷக்கணக்காகத் துவைத்த துணி, இனிச் சுருங்க எதுவும் மிச்சமில்லை. ஊசியும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்கு ஒரு அடுக்கு போதுமா என்று கேட்டதற்கு, "போதும் கண்ணு, சால்வை வேற இருக்கு" என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார்.

அடித்துணி காபிக்கொட்டை நிறப் பாப்ளின், 44 இஞ்ச் பன்னா (துணியின் அகலம்), ஒன்றரை மீட்டர். சுற்றிலும் மூன்று இஞ்ச் கூடுதலாக இருக்கும்படி வெட்டி, மொசைக் தரையில் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து ஓரங்களில் டேப் ஒட்டினேன். சுருக்கம் போனால் போதும், இழுத்துக் கட்டக் கூடாது. அதன்மேல் போர்வை, அதன்மேல் மேல்துணி. ஒன்றுவிட்டு ஒரு சதுரத்துக்கு ஒரு ஊக்கு. மலையில் இருந்துகொண்டு செய்பவர்கள் ஊக்கை நாள்கணக்கில் விடாதீர்கள், ஈரக்காற்றில் துருப்பிடித்தால் கறை போகாது. அங்கே நூலோட்டம்தான் (பிறகு பிரித்துவிடும் நீளத் தையல்) நல்லது.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 16-ஆம் நம்பர் ஊசி மாற்றி, தையலைக் கொஞ்சம் நீளமாக்கி, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கு மேலே இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டேன். அழுத்தம் குறையாவிட்டால் மேல்துணி மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து சுருக்கம் விழும். நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும். சதுரங்களின் இணைப்பிலேயே நேர்கோடு மட்டும் மெஷினில், அதற்குமேல் ஆசைப்படவில்லை. மூலைக்கு மூலை போகும் கோடுகளைக் கையால் போட்டேன், அங்கே துணி கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, இழுபடும் என்பதால். ஆங்கர் 8-ஆம் நம்பர் பேர்ல் நூல், பெரிய பெரிய ஓட்டுத்தையல். இந்தப் பகுதி மெதுவாகத்தான் நகரும், ஆனால் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஓரப்பட்டிக்குக் கிராஸ் பீஸ்தான் வெட்ட வேண்டும் என்று பிளவுஸ் அக்கா அடித்துச் சொன்னார். கழுத்து வளைவுக்கு அது சரி. நேரான ஓரத்துக்கு நேர்த்துணியே போதும், துணியும் வீணாகாது. சுற்றளவு 162 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் ஒரு 12 இஞ்ச் சேர்த்துக்கொள்ளலாம். 44 பன்னாவில் 2½ இஞ்ச் அகலமாக 5 பட்டை வெட்டினேன், அரை மீட்டரில் மிச்சமே வந்தது. பட்டைகளைச் சாய்வாக இணைத்தால் இணைப்பு ஒரே இடத்தில் தடிக்காது. இரண்டாக மடித்து முன்பக்கம் மெஷினில் தைத்து, மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, பட்டையை மேலே மடித்து மறுபடி கீழே மடித்தால் மூலை கூராக வரும். பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். அக்கா மூலையை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

துவைத்துக் காயவைத்தபின் அளந்தேன். நீளம் முக்கால் இஞ்ச் குறைந்திருக்கிறது, அகலம் அப்படியே. கஞ்சி போய் எல்லாம் தொய்ந்து, தையலுக்குத் தையல் லேசாக உப்பிக்கொண்டு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து பஸ் ஏறும்போது பையில் எடுத்துப் போகிறேன். அடுத்ததற்குச் சட்டைத் துணி மட்டும் தனியாகச் சேர்க்கத் தொடங்கியாயிற்று, கட்டம் போட்டதும் கோடு போட்டதும்.