அதே ஐம்பது ரூபாய்

போன வாரம் பெங்களூரில் டோம்லூரிலிருந்து மடிவாளா போக வேண்டியிருந்தது. சேலம் பஸ்ஸைப் பிடிக்கணும், வெளியே மே மாத மழை கொட்டுகிறது, ஆப்பில் வண்டி வரவே இல்லை. நான்கு ஆட்டோக்காரர்கள் "பரல்ல" என்று நிற்காமலே போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள் மீட்டருக்கு மேல் ஐம்பது கேட்டார். என் அரைகுறைக் கன்னடத்தில் பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழி முழுக்க மனதுக்குள் திட்டுதான். இந்த ஊர் ஆட்டோக்காரர்களே இப்படித்தான், நாலு தூறல் விழுந்தால் போதும், அடுத்தவன் அவசரத்தில் காசு பார்க்கிற புத்தி.

ஈஜிபுரா சிக்னலில் அவருக்கு போன் வந்தது. "வந்துட்டே இருக்கேம்மா, பாப்பாவுக்கு மருந்து குடுத்தியா?" என்றார். விசாரித்தால் அரூர்க்காரர். என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர்! அப்புறம் மடிவாளா வரும்வரை வண்டி டியூ, வீட்டு வாடகை, பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ் என்று ஒரே பேச்சு. "மழையில ஒரு சவாரி எடுத்தா டிராஃபிக்லயே ஒரு மணி நேரம் போயிடுது சார்" என்றார். நியாயம்தானே என்று தோன்றியது. கேட்ட ஐம்பதோடு இன்னும் இருபது சேர்த்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

ஓசூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது. சிக்னலுக்கு அந்தப் பக்கம் நான் 'புத்தி' என்று சொன்னதையே இந்தப் பக்கம் வந்ததும் 'பாவம், சூழ்நிலை' என்று சொல்லியிருக்கிறேன்.

உளவியல்காரர்களுக்கு இது பழைய சங்கதி. 1967-ல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்று இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்து, எழுதினவரின் சொந்தக் கருத்து என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் எழுதணும் என்பது அவர் கையில் இல்லை, சொல்லித்தான் எழுத வைத்தோம் என்று தெரிவித்த பிறகும், ஆதரித்து எழுதினவர் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். ஒருவர் செய்வதற்குக் காரணம் தேடும்போது நாம் குணத்தைப் பெரிதாகவும் சூழ்நிலையைச் சிறிதாகவும் பார்க்கிறோம் என்று 1977-ல் லீ ராஸ் இதற்கு ஒரு பெயரே வைத்தார். எல்லா மனிதர்களுக்கும் அடிப்படையான தப்பு என்கிற மாதிரிப் பெயர்.

அப்படியா என்று பார்க்க வந்தவர்களில் ஜோன் மில்லர் தேர்ந்தெடுத்த ஊர் நமக்குப் பக்கம்தான், மைசூர். சிகாகோவிலும் மைசூரிலும் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரிடமும் பேசி 1984-ல் வெளியிட்டார். அதில் ஒரு கதை எனக்கு மறப்பதே இல்லை. ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் கோர்ட்டுக்குப் போகிறார், டயர் வெடிக்கிறது, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடி. வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். பொறுப்பில்லாத ஆள் என்று அமெரிக்கர் சொல்ல, கோர்ட்டுக்குப் போவது அவர் கடமை ஆயிற்றே, அடியும் அப்போது பெரிதாகத் தெரிந்திருக்காது என்று நம்மவர் சொல்கிறார். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். வயது ஏற ஏறத்தான் விலகுகிறது. பிறவியிலேயே வந்ததல்ல, வளர்ந்து கற்றுக்கொண்டது.

இதைப் படித்தபோது நாமெல்லாம் பரவாயில்லை, நிலைமை புரிந்து பேசுகிறவர்கள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் இன்னொரு ஆய்வு இருக்கிறது, அதுவும் தென்னிந்தியாவில்தான். 1974-ல் டெய்லரும் ஜக்கியும் இந்து குமாஸ்தாக்களிடம் சில காட்சிகளைக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் அல்லது தாராளமாக நடந்துகொள்கிறார், மழையில் ஒதுங்க ஒரு வீட்டுக்காரர் இடம் தருகிறார், இந்த மாதிரி. நல்லது செய்தவர் இந்து என்றால் அது அவர் குணம். முஸ்லிம் என்றால் ஏதோ சந்தர்ப்பம். கெட்டது செய்தால் அப்படியே தலைகீழ். அந்த குமாஸ்தாக்களை நான் ஏன் குறை சொல்லணும்? மதத்துக்குப் பதில் மொழியைப் போட்டால் ஈஜிபுரா சிக்னலில் நான் செய்ததும் அதுதான். சூழ்நிலையைப் பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். அதை ரேஷனில் கொடுக்கிறோம், நம் கார்டுக்கு மட்டும்.

ஊரிலிருந்து திரும்பி வந்து இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே மைசூர், சிகாகோ எல்லாவற்றையும் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். பொங்கலுக்கு நாம ஏன் வரலன்னு உங்கம்மா அரூர் அத்தைகிட்ட என்ன சொன்னாங்களாம், அதைச் சொல்லுங்க."

அம்மா சொன்னது இது: "அவன் வரணும்னுதான் துடிச்சான், பாவம். அவதான் விடல."

நடந்தது என்னவென்றால் இவள் ஜனவரி முதல் வாரமே லீவு போட்டு, பை எல்லாம் கட்டி வைத்திருந்தாள். எனக்குத்தான் ஆபீஸில் ரிலீஸ் என்று கடைசி நாளில் விடவில்லை. அம்மா என்னைக் குணம் கெட்டவன் என்று சொல்லவில்லை பாருங்கள், எனக்கு ஒரு சூழ்நிலையைத்தான் கண்டுபிடித்தார். அந்தச் சூழ்நிலைதான் என் எதிரே சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தது.

அத்தைக்கு ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். பொங்கல் முடிந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் போடவில்லை. வேலை கொஞ்சம் அதிகம்.