நொச்சி நிழலும் அப்பாவின் முதுகும்

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் இதற்கே போகின்றன: நம்ம ஊர்ச் செடியின் நிழலை ஆள் உடம்பில் விழவைத்துப் படமெடுப்பது. செடி படத்தில் வர வேண்டாம். நிழலைப் பார்த்தே இன்ன செடி என்று தெரிய வேண்டும். நாட்டுச் செடி மட்டும் என்று முடிவெடுத்ததும் சவுக்கு போய்விட்டது. கடலூர்க் கரையெங்கும் நின்றாலும் அது வெளியிலிருந்து வந்த மரம். புதுச்சேரி அரசின் பூவான நாகலிங்கமே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், என்ன செய்ய!

முதலில் நொச்சி. வேலியில் ஒரு கிளை ஒடித்து மாடிக்குக் கொண்டுபோனேன். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். தம்பி ஸ்டூலில் ஏறிக் கிளையைப் பிடித்தான். முதுகில் விழுந்தது சாம்பல் பூசியது போல ஒரு கறை. கேமராவில் கோளாறு என்று ஒரு வாரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு தூரத்தில். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமான வட்டு. அதனால் இலைக்கும் தோலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் நிழலின் ஓரம் ஏறக்குறைய ஒரு செ.மீ. அளவுக்குக் கலங்கும். பத்து செ.மீ. உயரத்தில் பிடித்தால் ஒரு மி.மீ.தான். தம்பியை ஸ்டூலிலிருந்து இறக்கியதும் ஐந்து விரல் விரித்தது மாதிரி நொச்சி வந்துவிட்டது.

ஆனால் ஒடித்த கிளை அரை மணியில் துவண்டுவிடும். நிழலிலும் இலை நுனி தொங்குவது அப்படியே தெரியும். அம்மா வேறு, "நொச்சிய ஒடிச்சா ஆவி பிடிப்பாங்க, நீ போட்டோ பிடிக்கிற" என்றார். அன்றிலிருந்து செடியை ஒடிப்பதில்லை, ஆள்தான் செடியிடம் போக வேண்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒன்று. தானியங்கி ஹெச்டிஆரை (வெளிச்சத்தையும் இருட்டையும் போனே சமன்செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள், அது நிழலை வெளுக்கவைக்கும். திரையில் வெயில் படும் தோலை விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும். எண்ணெய் தேய்த்த உடம்பும் ஆகாது, மினுமினுப்பு நிழலைத் தின்றுவிடும். அப்பாவைத் துண்டால் துடைத்த பிறகுதான் தோளில் இருந்த அம்மை ஊசித் தழும்பின் குழிக்குள் இலையின் ஓரம் இறங்கி ஏறியது தெரிந்தது. இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அடும்பு சொதப்பியது. மணலோடு மணலாகப் படரும் கொடி. ஆறரை மணிக்குப் போனால் சரிந்த வெயிலில் நிழல் இழுபட்டு, ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை வெறும் கோடாகிவிட்டது. ஒன்பது மணிக்குப் பிளவு தெரிந்தது, ஆனால் மணல் கொதிக்க ஆரம்பித்திருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்தில் ராவணன் மீசை என்கிற முள்ளுப் புல். தம்பி பாதத்தில் முள் எடுத்ததுதான் மிச்சம்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் தில்லை மரம். படகுக்காரர் கிட்டவே விடவில்லை. "பால் பட்டா கொப்புளம் போடும் தம்பி, கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும்." தள்ளி நின்றே கையை நீட்டினேன். இலை வடிவம் வரவில்லை. ஆனால் இலை இடுக்குகளில் நுழைந்த வெயில் முழங்கை வரை வட்ட வட்டமாக விழுந்தது. அத்தனையும் சூரியனின் பிம்பம். நிழல் என்று போய் வெளிச்சத்தை எடுத்துவந்தேன். தில்லையைப் பட்டியலில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்தது ஆகஸ்ட் 21 வாக்கில். அன்று நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வரும். அடும்பின் நிழல் இழுபடாமல் இலைக்கு நேர் கீழே விழும். உச்சி வெயிலில் மணலில் யார் படுப்பது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி வரமாட்டானாம். அப்பா, பாய் விரித்தால் கால் மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.